ஊற்று மட்டத்துக்குக் கீழே பாதாளச் சாக்கடை: ஒரு கடற்கரைக் குடியிருப்பின் கேள்விக்கு விரிவான பதில்

சுமார் 800 வீடுகள் கொண்ட ஒரு கடற்கரைக் குடியிருப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நிலம் தட்டையான மணல். ஒரு மீட்டர் தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது. மழைக்காலத்தில் செப்டிக் டேங்குகள் நிரம்பிக் கழிவறைக்குள் எதிர்த்துக்கொண்டு வருகின்றன. தெருத்தெருவாகக் குழாய் பதித்து, கடைசியில் ஒரு மோட்டார் வைத்து, எல்லாவற்றையும் கடலுக்கு அனுப்பிவிட்டால் போதாதா, இதற்கு ஏன் இத்தனை ஆய்வும் இத்தனை ஆண்டுகளும் என்பது உங்கள் கேள்வி. அதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வாட்டமே (சரிவே) இல்லாத, அடியில் உப்புநீர் நிற்கும் மணலில் ஒரு கழிவுநீர்க் குழாய் வலை பல பத்தாண்டுகள் ஒழுங்காக ஓட வேண்டுமானால், மேட்டு நிலத்து ஊர்களில் செய்வதிலிருந்து எதையெல்லாம் மாற்றிச் செய்ய வேண்டும்? கழிவுநீர்க் குழாய்களை வடிவமைப்பதும் பதிப்பதும், பிறர் பதித்ததைப் பழுதுபார்ப்பதுமாக இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன் நான். அதில் பெரும்பகுதி கடலை ஒட்டிய வேலைகள். அந்தப் பழக்கத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் பாதாளச் சாக்கடையைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் அதற்குள் விடும் கழிவுநீர் அன்று. நாம் விடாமலே உள்ளே புகும் நிலத்தடி நீர்தான். கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இதோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையது.

குழாய் வலை தேவைதானா என்பதில் எனக்கு ஐயமில்லை. செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடுவதில்லை. கசடைப் படியவைத்து, தெளிந்த நீரை மண்ணிடம் ஒப்படைக்கிறது. கிருமிகளைப் பிடித்துவைத்து அழிக்கும் வேலையைச் செய்வது, உறிஞ்சு குழிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே உள்ள ஈரம் நிறையாத மண்தான். அந்த இடைவெளி பொதுவாக 60 சென்டிமீட்டரிலிருந்து 1.2 மீட்டர் வரையாவது இருக்க வேண்டும் என்று விதிமுறைகள் கேட்கின்றன. உங்கள் இடத்தில் உறிஞ்சு குழியின் அடிப்பகுதியே தண்ணீருக்குள் நிற்கிறது. அப்படியானால் பக்கத்து வீட்டுக் கழிவறைக்கும் உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் தடுப்பென்று ஒன்றுமே இல்லை. எனவே கழிவுநீரை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்பது உறுதி. எந்த வழியில் என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

வழக்கமான முறையில் கழிவுநீர் தன் எடையாலேயே ஓடுகிறது. கழிவு அடியில் தங்கிவிடாமல் இழுத்துச் செல்லப்பட, நாளுக்கு ஒருமுறையாவது வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு. 150 மில்லிமீட்டர் குழாய் பாதி நிறைந்து ஓடும்போது அந்த வேகம் கிடைக்க, 200 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சிறிய கணக்கு. ஆனால் நிலம் தட்டையாக இருக்கும்போது 90 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய், 600 மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட 4 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஊற்று 1 மீட்டரில் இருக்கும் இடத்தில், அந்தக் குழாயின் மேல் 3 மீட்டர் உயரத் தண்ணீர் இரவும் பகலும் அழுத்திக்கொண்டு நிற்கிறது. மேட்டு நிலத்தில் குழாய் ஒழுகினால் கழிவுநீர் வெளியே போகும். இங்கே ஒழுகினால் ஊற்றுநீர் உள்ளே வரும். மனித இயல்பு என்னவென்றால், வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும், உடனே புகார் எழும். உள்ளே போவதை யாரும் பார்ப்பதில்லை.

எவ்வளவு வரும் என்று கேட்டால், ஒரு கணக்கைச் சொல்கிறேன். உங்கள் 800 வீடுகளில் 4,000 பேர் என்றும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்றும் கொண்டால் மொத்தம் 400 கனமீட்டர். சராசரியாக வினாடிக்கு 4.6 லிட்டர். காலை நேர உச்சத்துக்கு அதை மூன்றால் பெருக்கினால் 14 லிட்டர். இப்போது ஏதோ ஓர் இணைப்பில் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் ஒரு சதுர சென்டிமீட்டர் திறப்பு இருக்கிறது, அதன் மேல் 1 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் தடுக்காவிட்டால் அந்தச் சுண்டுவிரல் அளவுத் துளை வழியாக நாளொன்றுக்கு 23 கனமீட்டர் நீர் உள்ளே வரும். அதாவது 230 பேரின் கழிவுநீருக்குச் சமம். நடைமுறையில் மணல் ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதே மணல் நீரோடு சேர்ந்து உள்ளேயும் வரும். குழாயின் அடியில் படிந்து அடைக்கும். வெளியே அது இருந்த இடத்தில் வெற்றிடம் உண்டாகி, ஒரு நாள் சாலை உள்வாங்கும். கடற்கரைச் சாலைகளில் காரணம் தெரியாமல் பள்ளம் விழுந்தால், நான் முதலில் அதன் அடியில் கழிவுநீர்க் குழாய் போகிறதா என்றுதான் கேட்பேன்.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவிகள்தான் வேண்டும் என்பதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு, ஊரே உறங்கும் நேரத்தில், கடைசி ஆளிறங்கு குழியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அடியில் ஒரு நூல் அளவுதான் ஓட வேண்டும். கண்ணாடிபோல் தெளிந்த நீர் தடையின்றி ஓடினால், அது யார் வீட்டுக் கழிவும் அன்று. பிறகு ஒரு வாளியில் அதை எடுத்து, மின்கடத்துத் திறன் பார்க்கும் சிறிய மீட்டரை நனைத்துக் குறித்துக்கொண்டு (உப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும்), மேல்நோக்கி ஒவ்வொரு குழியாக அதையே செய்துகொண்டு போக வேண்டும். எந்த இரண்டு குழிகளுக்கு இடையில் எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்தப் பகுதியில்தான் உப்புநீர் நுழைகிறது. ஒருமுறை இப்படி விடியும்வரை நடந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் குழாயில் கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு நாற்பது மீட்டர் துண்டுதான் என்று கண்டோம். அதற்கு முன்பு முழுக் குழாயையும் மாற்றச் சொல்லி மதிப்பீடு தயாராகியிருந்தது.

உள்ளே வருவது வெறும் நீராக இருந்தாலே தொல்லை. உப்புநீர் என்றால் அது இன்னொரு வகை அழிவையும் கொண்டுவருகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. கழிவுநீரில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே 270 மில்லிகிராம் சேர்ந்துவிடும். இது சாதாரணக் குடிநீரிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு. குழாயின் உட்புறத்தில் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் படலத்தில், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் இந்தச் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். அந்த வாயு மேலெழும்பி, குழாயின் ஈரமான மேற்கூரையில் படிகிறது. அங்கே காற்றோடு வாழும் இன்னொரு வகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. 1945இல் ஆஸ்திரேலியாவில் பார்க்கர் என்ற ஆய்வாளர் இந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்துக் காட்டும்வரை, சாக்கடைக் கான்கிரீட் ஏன் தண்ணீர் படாத மேல்பகுதியில் மட்டும் அரிக்கிறது என்பது தெளிவாக விளங்கவில்லை. அரித்துப்போன ஒரு குழியின் கழுத்துப் பகுதியைக் கம்பியால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன்: நனைந்த சுண்ணாம்புபோல வெள்ளையாக, மெத்தென்று, விரல் ஆழத்துக்கு வழன்று வந்தது, உள்ளே ஜல்லிக்கற்கள் பல்வரிசைபோலத் துருத்திக்கொண்டு நின்றன. கட்டி முடித்துப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை.

இந்த வாயுவைப் பற்றி இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. குறைந்த அளவில் நாறும் இது, பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது நுகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. 500, 700 பங்கு என்று போனால் சில நிமிடங்களில் ஆள் சரிந்து விழுவார், அதற்கும் மேல் போனால் சில நிமிடங்களில் உயிரே போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் மடிவதும், அவரைத் தூக்கப்போனவரும் மடிவதும் இதனால்தான். ஆகவே எந்த வடிவமைப்பைத் தேர்ந்தாலும், அடைப்பு நீக்க ஒரு மனிதர்கூட உள்ளே இறங்கத் தேவையில்லாதபடி அமைக்க வேண்டும் என்பதை நான் முதல் நிபந்தனையாக வைக்கிறேன். ஆழம் குறைந்த குழாயும், ஆள் இறங்க முடியாத சிறிய துப்புரவுத் திறப்புகளும், மேலிருந்தே நீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரமும் இருந்தால் இது முற்றிலும் சாத்தியம்.

உப்பு சுத்திகரிப்பு நிலையத்தையும் விடாது. நுண்ணுயிர்கள் ஒரே அளவு உப்புக்குப் பழகிக்கொள்ளும். ஓதம் (கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது உப்பாகவும் இறங்கும்போது நன்னீராகவும் மாறிமாறி வந்தால்தான் திணறும், குறிப்பாக அமோனியாவை மாற்றும் வகை. லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கழிவின் வீரியத்தை அளக்கும் வழக்கமான சி.ஓ.டி. சோதனையே பிழையான எண்ணைக் காட்டும். பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே கிட்டத்தட்ட அந்த எல்லைக்கு வந்துவிடுவோம். சுத்திகரித்த நீரைச் செடிகொடிகளுக்குப் பாய்ச்சலாம் என்ற திட்டமும் அத்தோடு போய்விடும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கடற்கரை மணலில் நன்னீர், அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்கும் தனித்தனியே கண்டறிந்த கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். அந்த மேல்மட்டம் 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால், காலப்போக்கில் கீழே உப்புநீர் 4 மீட்டர் மேலே ஏறும். ஒழுகும் கழிவுநீர்க் குழாய் என்பது ஊர் முழுக்கப் பரப்பிய வடிகால். அது ஓயாமல் நன்னீரை உறிஞ்சி மோட்டாருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கிணற்றைக் காப்பாற்றப் போட்ட குழாயே கிணற்றை உப்பாக்கிவிடக்கூடும். கணக்கு நிலையான, சீரான மணலுக்கு உரியது; களிமண் அடுக்குகள் குறுக்கிட்டால் எண் மாறும், திசை மாறாது.

இத்தனைக்கும் பொதுவான மருந்து ஆழத்தைக் குறைப்பதுதான். அதற்கு மூன்று நான்கு வழிகள் நன்கு சோதிக்கப்பட்டவை. பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள நடால் நகரின் நெரிசலான குடியிருப்புகளில், 1980களின் தொடக்கத்தில் ஒரு புதிய முறையைச் செய்து பார்த்தார்கள். தெரு நடுவில் ஆழமாகக் குழாய் போடாமல், வண்டி ஏறாத கொல்லைப்புறம் அல்லது நடைபாதை வழியாக, 100 மில்லிமீட்டர் குழாயை அரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் வீட்டுக்கு வீடு கோத்து, ஒரு தொகுதி வீடுகளுக்கு ஒரே ஓர் இணைப்பாகத் தெருக் குழாயில் சேர்த்தார்கள். கனரக வண்டியின் சுமை இல்லாத இடத்தில் ஆழம் தேவையில்லை. ஆழம் இல்லாவிட்டால் பெரிய ஆளிறங்கு குழிகளும் தேவையில்லை. பின்னர் தலைநகர் பிரசிலியாவிலும் இம்முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. இதன் பலவீனம், தொகுதிக்குள் இருக்கும் வீட்டார் ஒத்துப்போக வேண்டும் என்பது. பக்கத்து வீட்டுக் குழாய் தன் கொல்லை வழியாகப் போவதை ஒருவர் மறுத்தால் வரைபடம் அங்கேயே நின்றுவிடும். உங்கள் ஊராரின் பழக்கவழக்கம் உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, வெற்றிடக் குழாய் முறை. 1860களில் நெதர்லாந்தைச் சேர்ந்த லியர்னூர் என்ற பொறியாளர் முதலில் முயன்றது. 1950களில் ஸ்வீடனின் லில்ஜெண்டால் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சில வீடுகளின் கழிவுநீர் ஒரு சிறு தொட்டியில் சேர்கிறது. சுமார் 40 லிட்டர் சேர்ந்ததும், மின்சாரமில்லாமலே இயங்கும் ஒரு வால்வு சில வினாடிகள் திறக்கிறது. ஊரின் ஓரிடத்தில் உள்ள பம்பு நிலையத்திலிருந்து இழுக்கப்படும் வெற்றிடம் கழிவுநீரையும் அதன் பின்னால் காற்றையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. குழாய் ரம்பப் பல்போல மெல்ல இறங்கி, திடீரென ஒரு முழத்துக்குள் ஏறி, மறுபடியும் இறங்கிச் செல்வதால், ஒரு மீட்டரைச் சுற்றிய ஆழத்திலேயே ஊரைக் கடந்துவிடலாம். உங்கள் நிலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் முதலில் வரைந்து பார்ப்பது இதைத்தான். உறிஞ்சும் உயரத்துக்கு எல்லை உண்டு, மொத்தமாக 4 மீட்டர் அளவுக்குள்தான் திட்டமிட வேண்டும். தட்டை நிலத்தில் அது பெரும்பாலும் தடையாவதில்லை. தடையாவது வேறொன்று: எங்கோ ஒரு வால்வில் சானிட்டரி நாப்கின் சிக்கி அது மூடாமல் போனால், அந்தக் கிளை முழுவதும் வெற்றிடம் வடிந்துவிடும். எந்த வால்வு என்று ஒருவர் அன்றே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி பெற்ற இருவர் எப்போதும் ஊரில் இருப்பார்கள், உதிரி வால்வுகள் கையிருப்பில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாத இடத்தில் இந்த முறையைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, ஒவ்வொரு வீட்டிலும் தொட்டியில் கசடைத் தங்கவைத்து, தெளிந்த நீரை மட்டும் சிறு குழாயில் அனுப்புவது. ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதிச் சிற்றூர்களில் 1960களிலிருந்து இது ஓடுகிறது. திடக்கழிவு இல்லாததால் வாட்டம் பெரிய கவலையில்லை. ஏற்கெனவே செப்டிக் டேங்க் இருக்கிறதே, இதுவே மலிவு என்று பலருக்கும் தோன்றும். ஆனால் பழைய தொட்டிகளில் பல அடித்தளம் பூசப்படாதவை. ஊற்று நீர் அடியிலிருந்தே நுழையும். அவற்றை நம்பிக் குழாய் போட்டால், நாம் அஞ்சிய உப்புநீரை வீடுவீடாக வரவேற்றதாகிவிடும். தொட்டிகளைப் புதிதாக, நீர்ப்புகாத வகையில் வைப்பதாகவும், கசடை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பதாகவும் இருந்தால் மட்டும் இதைக் கணக்கில் எடுங்கள். வழக்கமான வாட்டக் குழாயையே போட்டு, ஆழம் 2 மீட்டரைத் தாண்டும் இடங்களில் கழிவுநீரை மோட்டாரால் மேலேற்றும் சிறுசிறு உந்து நிலையங்களை வைப்பது நான்காவது. எல்லோருக்கும் பழகிய முறை என்பதால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு உந்து நிலையமும் இன்னொரு மின் இணைப்பு, இன்னொரு மோட்டார், இன்னொரு ஆள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பதிக்கும் வேலைக்கு வருகிறேன். ஊற்று நீர் நிறைந்த மணலில் பள்ளம் வெட்டினால் கரை நிற்காது. இருபுறமும் இரும்புத் தகடுகளை அடித்து இறக்கி, வரிசையாகச் சிறு குழாய்களை மணலில் செருகி, பம்பு மூலம் நீர்மட்டத்தை இறக்கிய பிறகே வேலை செய்ய முடியும். இதை நீண்ட நாள் செய்தால் அருகிலுள்ள ஆழமில்லாத அடித்தள வீடுகள் இறங்கி விரிசல் விடும்; ஆகவே சிறு சிறு துண்டாக வெட்டி, அன்றன்றே மூடிக்கொண்டு போக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் படமெடுத்து வைப்பது, பின்னால் வரும் சச்சரவுகளை வெகுவாகக் குறைக்கும்.

மிதப்பு என்பது பலர் மறக்கும் ஒன்று. 200 மில்லிமீட்டர் வெற்றுக் குழாயின் ஒவ்வொரு மீட்டரையும் நீர் 31 கிலோ விசையுடன் மேலே தள்ளும். பிளாஸ்டிக் குழாயின் எடை அதில் ஒரு சிறு பங்குதான். உந்து நிலையக் கிணறு இன்னும் ஆபத்து. உள்விட்டம் 3 மீட்டர், சுவர் 30 சென்டிமீட்டர், தளம் அரை மீட்டர் கனம், நீருக்குள் 5 மீட்டர், நீருக்கு மேல் அரை மீட்டர் என்று வையுங்கள். மேலே தள்ளும் விசை சுமார் 51 டன். தளமும் சுவரும் சேர்ந்த எடை சுமார் 49 டன். மேல்தளக் கான்கிரீட் போடுவதற்கு முன், இரவில் நீரிறைக்கும் பம்பு நின்றுபோனால் அந்தக் கிணறு அசைந்துகொடுக்கும். நான் மேற்பார்வையிட்ட ஒரு வேலையில் டீசல் தீர்ந்து பம்பு நின்ற இரவு இதுதான் நடந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது கிணறு நான்கு விரற்கடை உயர்ந்து ஒருபுறம் சாய்ந்திருந்தது, பொருத்தி வைத்திருந்த குழாய் முறிந்து தொங்கியது. தளத்தைச் சுவருக்கு வெளியே அரை மீட்டர் நீட்டி, அதன் மேல் மணலின் எடையை ஏற்றியிருந்தால் அது நடந்திருக்காது. அந்தத் தவற்றில் என் கணக்கும் ஒரு பங்கு. கட்டி முடித்த நிலையைச் சரிபார்த்தவன், கட்டிக்கொண்டிருக்கும் நிலையைச் சரிபார்க்கவில்லை. மேல்தளம் முடியும்வரை மாற்றுப் பம்பும் டீசலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பொருளைப் பொறுத்தவரை, கரையோரத்தில் வெறும் கான்கிரீட் குழாயைத் தவிர்ப்பேன். முனைகளை உருக்கி ஒட்டும் எச்.டி.பி.ஈ. (கடினமான பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) குழாயில் இணைப்பே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது; பி.வி.சி. என்றால் ரப்பர் வளைய இணைப்பு. சுட்டமண் குழாய் அமிலத்தைத் தாங்கும், ஆனால் இணைப்புகள் அதிகம். எதைப் போட்டாலும் மண் மூடும் முன் ஒவ்வொரு துண்டையும் அடைத்துக் காற்றோ நீரோ ஏற்றிச் சோதித்து, ஊற்று மட்டம் பழையபடி ஏறிய பின் உள்ளே கசிகிறதா என்று மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

உந்து நிலையத்தில் மின்சாரம் போகும் நேரத்துக்கு இடம் விட வேண்டும். உங்கள் 400 கனமீட்டருக்கு மணிக்குச் சராசரி 17 கனமீட்டர் வரும். இரண்டு மணி நேரம் தாங்க 34 கனமீட்டர் கொள்ளளவு வேண்டும், அதுவும் காலை உச்சத்தில் ஒரு மணி நேரத்துக்குக்கூடப் போதாது. ஜெனரேட்டரும் மின்பலகையும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின்படி 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இது அளந்து பார்த்த எண். இந்த நூற்றாண்டின் இறுதிக்குள், 1995–2014 சராசரியைவிட எவ்வளவு உயரும் என்பது பசுமை இல்ல வாயு வெளியேற்றத்தைப் பொறுத்து, வெளியேற்றம் மிகக் குறைந்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், மிக அதிகமானால் 63 முதல் 101 சென்டிமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள், இது எதிர்பார்ப்பு. கடல் ஏறினால் கரையோர ஊற்றும் ஏறும். இன்று ஊற்றுக்கு மேல் இருக்கும் குழாய் அதன் ஆயுட்காலத்திலேயே ஊற்றுக்குள் போய்விடலாம் என்பதால், மேலே இருக்கிறதே என்று எந்த இணைப்பிலும் தளர்வு காட்டக் கூடாது என்பது என் கருத்து.

கடலில் விடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழிவுநீர் கடல்நீரைவிட இலேசானது. கரையருகே ஒரு குழாய் முனையில் விட்டால் அது மேலே எழும்பி, படலமாக விரிந்து, அலையோடும் காற்றோடும் கரைக்கே திரும்பும். பாஸ்டன் நகரம் 2000ஆம் ஆண்டிலிருந்து பயன்படுத்தும் கடல்வெளிக் குழாய் சுமார் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். அதன் கடைசி 2 கிலோமீட்டரில் 55 செங்குத்துக் குழாய்கள் மூலம் நீரைப் பிரித்துப் பரப்புகிறார்கள், அதுவும் சுத்திகரித்த பின்பு. 4,000 பேருக்கு அப்படியொன்று கட்ட முடியாது. ஆகவே கடல் இருக்கிறதே என்பது உங்களுக்குத் தீர்வாகாது. முதலில் சுத்திகரிப்பு, பிறகுதான் எங்கே விடுவது என்ற பேச்சு.

கடைசியாக, வீட்டு இணைப்பு. தெருக் குழாயைப் பொறியாளர் மேற்பார்வையில் போடுவார்கள். வாசலிலிருந்து உள்ளே இருக்கும் பத்து மீட்டரை ஆளுக்கொரு கொத்தனார் போடுவார். மொத்த நீளத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும், கசிவிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான் வரும். மழைநீர் இன்னும் மோசம். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் வினாடிக்கு 1.4 லிட்டர். மாடி நீரைக் கழிவுக் குழாயில் விடுகிற பத்தே வீடுகள், 800 வீடுகளின் காலை உச்சத்துக்குச் சமமான நீரைக் கொண்டுவந்துவிடும்; தாழ்ந்த வீட்டுக் கழிவறைகளில் அது எதிர்த்து வரும். வீட்டு இணைப்பையும் திட்டத்தின் செலவிலேயே, ஒரே தரத்தில், ஒரே சோதனையோடு செய்து முடிக்க வேண்டும் என்று நான் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். செலவைக் காட்டி இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாதவையும் உண்டு. மணலுக்கு அடியில் களி அடுக்கு இருக்கிறதா, தெருக்கள் எவ்வளவு குறுகல், மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது, பராமரிப்புக்கு யார் பொறுப்பேற்பார்கள் என்பவை தெரியாமல் மேற்சொன்ன நான்கில் ஒன்றை உறுதியாகத் தேர்ந்தெடுக்க இயலாது. ஆனால் பொறியாளர் வரும்வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். கரையிலிருந்து உள்நோக்கி ஐந்தாறு இடங்களில், 2 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுத் துளைகள் போட்ட பி.வி.சி. குழாய்களை இறக்கி, மேலே மூடி போட்டு வையுங்கள். அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை பதினைந்து நாள், நாளுக்கு நான்கு முறை, ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீர்மட்டத்தையும் அதன் உப்பையும் ஒரு நோட்டில் குறியுங்கள்; மழைக்காலத்தின் நடுவில் மீண்டும் ஒருமுறை அதையே செய்யுங்கள். எல்லா அளவுகளும் ஒரே நிலையான புள்ளியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். பள்ளியின் வாசற்படிபோல அசையாத ஒன்று போதும். அந்த நோட்டை முதல் நாளே பொறியாளரின் மேசையில் வைத்து, வடிவமைப்பில் ஊற்று மட்டமாக எந்த எண்ணை எடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.